டஃப் டேஷ் எஃப்15: இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை வாட் அடங்கும்?

ஆசஸ் நிறுவனத்தின் டஃப் டேஷ் எஃப்15 லேப்டாப் 2021 ஜனவரியில், சிஇஎஸ் கண்காட்சியை ஒட்டி அறிமுகமானது. 15.6 அங்குலத் திரை, 19.9 மில்லிமீட்டர் தடிமன், 2 கிலோ எடை. உள்ளே இன்டெல் கோர் ஐ7-11370எச் பிராசசர், கிராபிக்ஸுக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது 3070. மேலட்டையில் ஒரு பக்கம் பெரிதாக எழுதிய பெயரைத் தவிர, பார்த்ததும் கேமிங் லேப்டாப் என்று சொல்ல வைக்கும் அலங்காரம் அதிகம் கிடையாது. நடுத்தர விலை கேமிங் லேப்டாப்பை மெலிதாகச் செய்யப் போனால் எதெல்லாம் கிடைக்கும், எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பார்க்க இது நல்ல மாதிரி.

இதை நான் ஆராய வேண்டி வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். கோவையில் கணினி அறிவியல் படிக்கப் போகிறான். விடுதி வாசம். தினமும் வகுப்புக்குத் தூக்கிப் போக வேண்டும், இரவில் நண்பர்களோடு வாலரண்ட் ஆட வேண்டும், லீவு கிடைத்தால் பெரிய கதை கேம் ஒன்றிரண்டு. புதிய லேப்டாப் வாங்க அக்கா ஒதுக்கிய தொகை போதவில்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் இறங்கி, ஒருவர் விற்பதாகச் சொன்ன டேஷ் எஃப்15-ஐ அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். "மாமா, 3060 இருக்கு, ஸ்லிம்மாவும் இருக்கு. அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்றான். "பாத்துட்டு குடுக்கலாம்பா" என்று சொல்லிக் கூடவே போனேன்.

அவன் சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால் "3060 இருக்கு" என்பதும் "ஸ்லிம்மா இருக்கு" என்பதும் ஒன்றையொன்று இழுக்கும் விஷயங்கள். மெலிதான கேமிங் லேப்டாப்பை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது சிப்பின் பெயரை விட்டுவிட்டு, அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள், அந்தச் சூட்டை இந்த உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பெயர் ஒன்று, வாட் வேறு

லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 3060 சிப்பில் 3840 கூடா கோர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்), 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். இது எந்த லேப்டாப்பில் இருந்தாலும் மாறாது. மாறுவது மின்சாரம். இந்தச் சிப்பை 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று என்விடியா லேப்டாப் நிறுவனங்களுக்கு விட்டுவிட்டது. அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று ஒன்று உண்டு. பிராசசர் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து கொஞ்சம் வாட்டை எடுத்து கிராபிக்ஸுக்குக் கொடுப்பார்கள்.

லெனோவோவின் 2021 லெஜியன் 5 புரோவில் இதே 3060 பூஸ்ட்டோடு சேர்த்து 130 வாட் வரை போகும். டேஷ் எஃப்15-இல் 80 வாட், பூஸ்ட்டோடு 85. இரண்டின் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றேதான்.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. 2017-இல் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கணினிக் கண்காட்சியில் என்விடியா மேக்ஸ்-க்யூ என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. குறைந்த வாட்டில் ஓடும் சிப் என்றால் பெயரின் கடைசியில் மேக்ஸ்-க்யூ என்று இருக்கும். வாங்குகிறவருக்கு அது போதுமான எச்சரிக்கை. 2021 தொடக்கத்தில் 3060, 3070 அடங்கிய 30 வரிசை வந்தபோது அந்த ஒட்டு காணாமல் போனது. மேக்ஸ்-க்யூ என்பது சில மின்சேமிப்பு நுட்பங்களின் தொகுப்பாக மட்டும் மிஞ்சியது. எதிர்ப்பு வந்த பிறகு, கிளாக் வேகத்தையும் (சிப் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்ற அளவு) வாட் அளவையும் தயாரிப்புப் பக்கத்தில் போடச் சொல்லி லேப்டாப் நிறுவனங்களிடம் என்விடியா கேட்டுக்கொண்டது. அதனால் இன்றைக்கு நிறுவனத்தின் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் யார் போடுகிறார்கள்? "3060, 16 ஜிபி, குட் கண்டிஷன்" என்பதோடு முடிந்துவிடும். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருளில், வேகத்தை முடிவு செய்யும் எண் பெட்டி மேலேயே இருந்திருக்க வேண்டும்.

நேரில் பார்க்கும்போது தெரிந்துகொள்வது சுலபம். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழே இடது மூலையில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்தினால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்று ஒரு வரி. பையனையே அழுத்தச் சொன்னேன். 85 வாட் என்று காட்டியது. அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் வேறொரு கனமான லேப்டாப்பில் 3060 எப்படி ஓடுகிறது என்று வீடியோ பார்த்து, அதே ஃப்ரேம்களை (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) இதிலும் எதிர்பார்த்திருந்தான்.

சரி, 85 வாட் என்றால் மோசமா? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 130 வாட் என்பது 85-ஐவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். ஆனால் ஃப்ரேம்கள் அந்த அளவு கூடாது, கூடவும் முடியாது. ஒரு சிப் தின்னும் மின்சாரம் அதன் கிளாக் வேகத்துக்கு ஏற்பவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். ஆகவே மேலே போகப் போக ஒவ்வொரு கூடுதல் வாட்டுக்கும் கிடைக்கும் வேகம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசி முப்பது நாற்பது வாட் பெரும்பாலும் சூடாகவும் விசிறிச் சத்தமாகவும்தான் வெளியே வரும். 80 வாட் சுற்றளவில் 3060-ஐ நிறுத்தியது ஒரு மெலிதான லேப்டாப்புக்குப் புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் சொல்வேன். முழு வேக 3060 என்று நினைத்து வாங்குவதுதான் தப்பு.

இதே கணக்கு 3070 மாடலுக்கும் பொருந்தும். அதில்தான் வேடிக்கை அதிகம். டேஷின் 3070 மாடலிலும் அதே 80, பூஸ்ட்டோடு அதே 85 வாட்தான். 5120 கோர்கள், அதாவது 3060-ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் எல்லாக் கோர்களும் பகிர்ந்துகொள்வது ஒரே 85 வாட்டை. அதனால் ஒவ்வொன்றும் குறைந்த கிளாக்கில் ஓடும். நிறைய கோர்களை மெதுவாக ஓட்டுவது சிக்கனமான வழி என்பதால் 3070 கொஞ்சம் முன்னால்தான் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. அதிக வாட் கொடுக்கும் கனமான உடம்பில் இருக்கும் 3060, டேஷின் 3070-க்கு வெகு பக்கத்தில் வந்துவிடும். 3070-க்காகக் கூடுதல் பணம் கொடுக்க எனக்குத் தெரிந்த நல்ல காரணம் அதன் 8 ஜிபி நினைவகம். சமீபத்திய பெரிய கேம்களில் 6 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. டெக்ஸ்சர் அளவை, அதாவது பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களின் நுணுக்கத்தை, குறைக்காவிட்டால் படம் திணறும். வாலரண்ட் மாதிரி கேம்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

நான்கு கோர்கள்

இந்த லேப்டாப்பில் எனக்கு உறுத்தும் இடம் பிராசசர்தான். ஐ7 என்ற பெயரைப் பார்த்தால் எட்டுக் கோர் என்று தோன்றும். 11370எச்-இல் நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள். மெலிதான கேமிங் லேப்டாப்புகளுக்கென்று 2021 ஜனவரியில் இன்டெல் கொண்டுவந்த எச்35 வரிசையைச் சேர்ந்தது இது. 35 வாட் வகை. எட்டுக் கோர் கொண்ட 11800எச் அதே வருடம் மே மாதம்தான் வந்தது. ஆசஸ் காத்திருக்கவில்லை.

ஒற்றைக் கோர் வேகத்தில் 11370எச் குறையில்லாதது. 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும். வாலரண்ட், சிஎஸ்2 மாதிரி போட்டிக் கேம்களில் ஒற்றைக் கோர் வேகம்தான் பெரிதும் உதவும், அங்கே இது தெம்பாக நிற்கும். நிரல் எழுதுவது, கம்பைல் செய்வது, பத்து பிரவுசர் டேப் திறந்து வைப்பது எல்லாம் சரளமாக நடக்கும்.

சிக்கல் பெரிய கேம்களில். பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் 2020 நவம்பரில் வந்தன. இரண்டிலும் ஜென் 2 வகை எட்டுக் கோர்கள். அதற்குப் பிறகு முதன்மையாக அந்தக் கன்சோல்களை மனதில் வைத்து எழுதப்பட்ட கேம்களை நான்கு கோர்களில் ஓட்டினால் சராசரி ஃப்ரேம் எண் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கூட்டமான தெருவில் நுழையும்போதோ புதிய பகுதி லோடாகும்போதோ ஒரு வெட்டு வெட்டி நிற்கும். சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது. மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தை ஒரு சதவீத தாழ்வு எண் என்று மதிப்பாய்வுகளில் போடுவார்களே, அங்கேதான் தெரியும். மாட்லாப், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் பாடத்துக்கான தரவு வேலை என்று போனாலும் நான்கு கோர் சீக்கிரம் மூச்சு வாங்கும். பிற்பாடு மாற்றவும் முடியாது, பிராசசர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. இதைப் பையனிடம் ஒளிக்காமல் சொன்னேன். மூன்றாம் ஆண்டில் இது அவனைக் கடிக்கலாம்.

ஏசியை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும்

விற்பவர் வீட்டு அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சோதனைக்கு முன் அதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவரும் சரி என்றார். இது வீம்புக்காகக் கேட்டதில்லை. இணையத்தில் நாம் பார்க்கும் சூட்டு அளவுகள் பெரும்பாலும் 20-லிருந்து 25 டிகிரி வரையுள்ள அறையில் எடுத்தவை. விசிறி உள்ளே இழுக்கும் காற்றின் சூடு எத்தனை டிகிரி கூடுகிறதோ, சிப்பின் சூடும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும். ஏப்ரல் மாத விடுதி அறையில் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மதிப்பாய்வில் 80 என்று போட்டிருந்தது இங்கே 90-ஐத் தாண்டும். இந்தப் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெலிதான லேப்டாப்புக்கு ஏற்கெனவே இடைவெளி குறைவு. நம் ஊர் வெயில் அதையும் தின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் இருந்து வாங்குகிறவர்கள் வெளிநாட்டு மதிப்பாய்வைப் படிக்கும்போது இந்தப் பத்துப் பதினைந்து டிகிரியைக் கூட்டியே படிக்க வேண்டும்.

சோதனைக்கு இரண்டு மென்பொருள்கள் போதும். முதலில் சினிபெஞ்ச் ஆர்23. இதன் முந்தைய பதிப்புகள் ஒரு தடவை ஓடி முடிந்துவிடும். முதல் அரை நிமிடம் எந்த மெலிதான லேப்டாப்பும் புலியாகப் பாயும், அந்த எண்ணைக் காட்டி யாரும் ஏமாற்றலாம். ஆர்23 வழக்கமாகவே பத்து நிமிடம் தொடர்ந்து ஓடும். அந்தப் பத்தாவது நிமிடத்தில் பிராசசர் எத்தனை வாட்டில் நிற்கிறது என்று எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்க வேண்டும். சிபியு பேக்கேஜ் பவர் என்ற வரி அது. தொடக்கத்தில் எகிறி, பிறகு இறங்கி ஒரு இடத்தில் நிலைத்தால் ஆரோக்கியம். நிலைக்காமல் மேலும் கீழும் ரம்பம் போல் ஆடினால் சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது தூசி அடைத்திருக்கிறது.

இரண்டாவது 3டிமார்க்கின் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரே காட்சியை 20 தடவை ஓட்டி, மிக மெதுவான சுற்று மிக வேகமான சுற்றில் எத்தனை சதவீதம் என்று சொல்லும். 97-ம் அதற்கு மேலும் வந்தால் தேர்ச்சி. கிராபிக்ஸ் கடைசி வரை தளராமல் ஓடுகிறதா என்று இது காட்டிவிடும்.

நாங்கள் பார்த்த லேப்டாப்பில் டைம் ஸ்பை தேறியது. கிராபிக்ஸ் தன் 80 சொச்சம் வாட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் ஓடியது. சினிபெஞ்சில் பிராசசரின் சூடு 90-களில் போய் உட்கார்ந்தது, ஆனால் ரம்பம் இல்லை. பிறகு உண்மையான பரீட்சை: இரண்டையும் சேர்த்து உழைக்க வைக்கும் ஒரு கேம். மெலிதான லேப்டாப்பில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்றின் சூடு மற்றதை எட்டும். கேம் ஓடும்போது விசைப்பலகையின் மேல் விளிம்பில், திரைக்கு அருகே, விரல் வைக்க முடியாத சூடு. கைகள் தங்கும் இடமும் டபிள்யூஏஎஸ்டி விசைகளும் பரவாயில்லை, தொடலாம். விசிறிச் சத்தம் டர்போவில் அறை முழுக்கக் கேட்கும். எஃப்என் விசையோடு எஃப்5 அழுத்தினால் சைலன்ட், பெர்ஃபார்மன்ஸ், டர்போ என்று மாறிக்கொண்டே வரும். பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றியதும் சத்தம் கணிசமாகத் தணிந்தது, ஃப்ரேம் கொஞ்சம்தான் இறங்கியது. மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கு காதில் கேட்ட மாதிரிதான் அது. அறையில் கூட இருக்கும் நண்பன் படித்துக்கொண்டிருந்தால் டர்போ பக்கம் போகாதே என்று அப்போதே சொல்லிவைத்தேன்.

பிராசசர் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2019 டிசம்பரில் வெளியான பிறகு பல லேப்டாப்புகளில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். இருக்கும் எளிய வழி, விண்டோஸ் பவர் அமைப்பில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 99 சதவீதமாக வைப்பது. பிராசசர் தானாக எகிறும் வேகம் நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். கோர் நான்கே இருக்கும் இந்தப் பிராசசரில் எல்லாக் கேமுக்கும் அதைச் செய்தால் நஷ்டம். அதைவிட ஃப்ரேம் எண்ணுக்கு ஒரு வரம்பு வைப்பது மேல். கதை கேமில் 60 அல்லது 75-க்கு மேல் போகாதபடி என்விடியா கண்ட்ரோல் பேனலிலேயே கட்டிவிடலாம். இரண்டு சிப்புக்கும் ஓய்வு கிடைக்கும், சூடும் சத்தமும் சேர்ந்தே குறையும்.

இன்னொன்று. காற்று உள்ளே போகும் துளைகள் அடிப்பக்கத்தில். மெத்தையில் வைத்து ஆடினால் இந்த ஆய்வில் சொன்ன எதுவும் செல்லாது.

திரை: எந்தப் பேனல் என்று கேளுங்கள்

டேஷ் எஃப்15 ஒரே திரையோடு வரவில்லை. முழு எச்டியில் 144 ஹெர்ட்ஸ், முழு எச்டியில் 240 ஹெர்ட்ஸ், 1440பி-யில் 165 ஹெர்ட்ஸ் என்று வந்தது. ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்ற கணக்கு. இவற்றில் 144 ஹெர்ட்ஸ் பேனல், திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் 62.5 சதவீதத்தைத்தான் காட்டும். 240 ஹெர்ட்ஸ் பேனல் முழு 100 சதவீதம். இது வெறும் எண் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 62.5 பேனலில் ஒரு கல்யாணப் படத்தைத் திறந்து பார்த்தால் குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும், பட்டுப் புடவையின் அரக்கு மங்கிவிடும். கேமிலும் நிறங்கள் வெளிறித் தெரியும்.

அசைவிலும் வித்தியாசம் உண்டு. 144 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 6.94 மில்லி நொடி. அதற்குள் பிக்சல் நிறம் மாறி முடிக்காவிட்டால் பழைய படத்தின் நிழல் புதிய படத்தில் இழுபடும். விலை குறைந்த 62.5 சதவீதப் பேனல்களில் பலவும் இந்த வேகத்துக்கு ஈடு கொடுப்பதில்லை. டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தைத் திறந்து ஓடும் பறக்கும் தட்டைப் பார்த்தாலே வால் தெரியும்.

எந்தப் பேனல் என்று கண்டுபிடிக்க டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்தால் போதும். நாங்கள் பார்த்ததில் மேலே 144 என்றுதான் இருந்தது. இதை விலை பேசும்போது பயன்படுத்திக்கொண்டோம். பையனுக்கு நிறம் முக்கியமில்லை, டிசைன் படிப்பவளாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

2021 மாடலில் மக்ஸ் ஸ்விட்ச் கிடையாது. அதாவது என்விடியா சிப் வரைந்த படம் நேராகத் திரைக்குப் போகாமல் பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகும். 60 ஃப்ரேமில் இது உறைக்காது. வாலரண்ட் மாதிரி இருநூறு சொச்சம் ஃப்ரேமில் ஓடும் கேமில் கொஞ்சம் நஷ்டம் இருக்கும். வெளியே ஒரு மானிட்டர் போடுவதாக இருந்தால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஃபிசிக்ஸ் பக்கத்தைத் திறந்தால் எந்தத் திரை எந்தச் சிப்பில் மாட்டியிருக்கிறது என்று படமாகவே காட்டும். என்விடியாவின் கீழே வரும் துளையில் மாட்டினால் சுற்றுவழி மிச்சம்.

மிச்சமுள்ளவை

வெப்கேம் இல்லை. உலகமே வீட்டிலிருந்து வகுப்பும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்த 2021-இல் கேமரா இல்லாமல் ஒரு லேப்டாப்பை விட்டதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தனியாக யூஎஸ்பி கேமரா ஒன்று வாங்க வேண்டும், அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரேம் 8 ஜிபி போர்டிலேயே பற்றவைத்தது, கூட ஒரே ஒரு ஸ்லாட். அந்த ஸ்லாட் காலியாக இருந்தால் ரேம் ஒற்றைச் சேனலில் ஓடும், பிராசசருக்குத் தரவு பாதி அகலத்தில்தான் வரும். அங்கே 8 ஜிபி டிடிஆர்4-3200 ஒன்றைச் சொருகுவதுதான் இந்த லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மேம்பாடு. 16 அல்லது 32 சொருகினாலும் ஓடும், முதல் 16 ஜிபி மட்டும் இரட்டைச் சேனலில் இருக்கும்.

துளைகளில் குறை சொல்ல அதிகமில்லை. மூன்று யூஎஸ்பி-ஏ, டைப்-சி வடிவத்தில் ஒரு தண்டர்போல்ட் 4, எச்டிஎம்ஐ, லேன். விடுதி வைஃபை நம்பத்தக்கதாக இருக்காது என்பதால் லேன் துளை இருப்பது பெரிய ஆறுதல். விசைப்பலகை தட்ட நன்றாக இருக்கிறது. விசைகளின் உள்விளக்கு ஒரே நிறம்தான், அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

11-ஆம் தலைமுறை பிராசசர் என்பதால் விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். இதில் இரண்டும் இருக்கின்றன.

பேட்டரி

76 வாட்-மணி பேட்டரி. இந்தத் தடிமனுக்கு நல்ல அளவு. கிராபிக்ஸ் சிப் தூங்கி, இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ மட்டும் வேலை செய்யும்போது மொத்தச் செலவு 12 வாட் என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். 20 வாட் ஆனால் நான்குக்கும் கீழே. என்விடியா சிப் தூங்காமல் விழித்திருந்தால் இந்த இரண்டாவது கணக்குதான் நடக்கும். பின்னணியில் ஓடும் ஏதாவது ஒரு செயலி அதை எழுப்பிக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்க, டாஸ்க்பாரில் கிராபிக்ஸ் செயல்பாட்டைக் காட்டும் சின்னத்தை இயக்கி வைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் கேம் ஆடுவதை மறந்துவிடுவது நல்லது. 70 வாட் இழுத்தாலே ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

செகண்ட் ஹேண்டில் முக்கியம் மிச்ச ஆயுள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை பேட்டரிரிப்போர்ட் என்ற சேர்க்கையோடு கொடுத்தால் ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு வரிகள். முதலாவது 76,000 மில்லிவாட்-மணியை ஒட்டி இருக்கும், இரண்டாவது இன்றைய நிலை. கீழே தேதிவாரியாகத் தேய்மானமும் வரும், அதை யாரும் மாற்றிப் பேச முடியாது. எங்களுடையதில் முக்கால் பங்குக்கு மேல் மிச்சம் இருந்தது. எப்போதும் செருகியே வைத்திருந்தேன் என்று விற்பவர் சொன்னார். அப்படி வைப்பவர்கள் மைஆசஸ் செயலியில் சார்ஜை 80-ஓடு நிறுத்தும் வசதியைப் போட்டுவிட வேண்டும்.

வகுப்புக்குப் போகும் பையனுக்கு இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தண்டர்போல்ட் துளை வழியாக 100 வாட் வரை சார்ஜ் ஏறும். 200 வாட் பெரிய அடாப்டர் விடுதி மேசையிலேயே இருக்கட்டும். ஒரு சின்ன 65 வாட் டைப்-சி சார்ஜர் பையில் இருந்தால் பகல் ஓடிவிடும். லேப்டாப் 2 கிலோ என்று போட்டுவிட்டு முக்கால் கிலோ அடாப்டரையும் தினமும் சுமக்க வைக்கும் லேப்டாப்புகளுக்கு நடுவே இது நிஜமான வசதி.

முடிவு எடுத்த விதம்

பையனின் தேவையை எதிரே வைத்துப் பார்த்தோம். தினமும் சுமக்க வேண்டும்: இது பொருந்துகிறது. போட்டிக் கேம்: ஒற்றைக் கோர் வேகமும் 85 வாட் 3060-உம் தாராளம். கதை கேம்: 1080பி-யில் டெக்ஸ்சரைக் கொஞ்சம் குறைத்து, சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் போட்டு, 60 ஃப்ரேமில் கட்டி ஆடலாம். இடைப்பட்ட படங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன் 40 வரிசைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும்தான், இதில் வராது. படம் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்-இன் புதிய பதிப்புகள் 30 வரிசைக்கும் கிடைக்கின்றன. படிப்பு: முதல் இரண்டு வருடம் பிரச்சினை இல்லை, பிறகு நான்கு கோர் இடிக்கலாம், கனமான வேலையைக் கல்லூரி லேபிலோ கிளவுடிலோ பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். லெஜியன் 5 புரோ மாதிரி ஒன்று எடுத்தால் வேகமும் திரையும் எங்கேயோ இருக்கும். ஆனால் 2.45 கிலோவும் 300 வாட் அடாப்டரும் அவன் தோளில் ஏறும். அறையிலேயே வைத்திருப்பவன் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மங்கலான பேனல், இல்லாத கேமரா, பேஸ்ட் மாற்றும் செலவு, காலியாக இருந்த ரேம் ஸ்லாட் ஆகியவற்றைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொன்னோம். விற்பவரும் எண்களைத் தன் திரையிலேயே பார்த்துவிட்டதால் வாக்குவாதம் வரவில்லை. அசல் 200 வாட் அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்தார். இதைக் கவனித்து வாங்க வேண்டும். திறன் குறைந்த மாற்று அடாப்டரைத் தலையில் கட்டினால் கேம் நடுவே பேட்டரியும் சேர்ந்து குறையும், வேகமும் விழும்.

இதே விலைக்கு 2022 டேஷ் எஃப்15 கிடைத்தால் யோசிக்காமல் அதற்குப் போகலாம். ஏறக்குறைய அதே தடிமன், ஐ7-12650எச்-இல் பத்துக் கோர்கள், கிராபிக்ஸுக்கு 105 வாட் வரை, மக்ஸ் ஸ்விட்ச், கேமராவும் உண்டு. நாங்கள் தேடிய நாட்களில் அது எங்கள் தொகைக்குள் வரவில்லை. பழைய மாடலையே எடுத்து, 8 ஜிபி ரேம் ஒன்று சொருகி, பேஸ்ட் மாற்றி அனுப்பினோம்.